தொட்டிக்குள் கை விடுமுன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வட கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் வண்ண மீன்கள் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் கைமாறுகின்றன. பாக்பஜார் பக்கத்துச் சந்தையான இங்கு நன்னீர் மீன்களுக்கே மவுசு. அதில் தேறியவர்களுக்கு அடுத்த ஆசை, உப்பு நீர்த் தொட்டியும் கடல் மீனும். எந்தத் தொட்டியானாலும் அதைச் சுத்தம் செய்வது பெரும்பாலும் வெறும் கைதான். கல் உராய்ந்தோ முள் குத்தியோ விழும் சிறு கீறலை யாரும் பொருட்படுத்துவதில்லை.

வினை அங்கேதான் தொடங்குகிறது. மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவு. 1926இல் அமெரிக்காவின் பிலடெல்பியா மீன் காட்சியகத்தில் செத்த மீன்களில் கண்டறியப்பட்டது. நன்னீர், உப்பு நீர் இரண்டிலும் வாழும். கீறல் வழியே நுழைந்து சில வாரங்கள், சமயத்தில் சில மாதங்கள் கழித்து விரலில் சிவந்த முடிச்சாகத் தலைகாட்டும். பிறகு முன்கையில் வரிசையாக ஏறும். விட்டுவைத்தால் மூட்டையும் எலும்பையும் பாதிக்கலாம்.

அதற்குள் கீறலே மறந்துபோயிருக்கும். மீன் வளர்ப்பு பற்றி மருத்துவர் கேட்கத் தோன்றாது. சதைத் துணுக்கைச் சோதித்தால் காசநோய் போலவே தெரியலாம். ஆனால் காசநோய்க்குத் தரும் பைரசினமைடு இதனிடம் பலிக்காது. வழக்கமான 37 டிகிரியில் இந்தக் கிருமி சரியாக வளராது. 30 டிகிரி வேண்டும். ஆய்வகத்துக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சரியாகக் கண்டுபிடித்தால் குணமாகும், மருந்துதான் மாதக்கணக்கில். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

உப்பு நீரில் அவசரக் கிருமியும் உண்டு. விப்ரியோ வல்னிஃபிகஸ் புண் வழியே புகுந்தால், ஈரல் நோய் உள்ளவர்களுக்குச் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து. வீக்கமும் காய்ச்சலும் வேகமாக ஏறினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தற்காப்பு எளிது. முழங்கை வரை மூடும் ரப்பர் கையுறை போதும். கையில் புண் இருந்தால் வேலையை வேறொருவரிடம் விடலாம். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவது அவசியம்.

கொல்கத்தாவில் மட்டுமல்ல, சென்னை கொளத்தூரில் மீன் வாங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். கையில் ஆறாத முடிச்சு இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நோயாளியே சொல்லிவிட வேண்டும்: "வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது."