மலை போனா திரும்ப வராது!



"அது வெறும் பாறை. அதுல ஒரு புல்லு கூட மொளைக்காது. வெட்டி எடுத்தா உங்களுக்கு என்னய்யா நஷ்டம்?" குவாரிக்காரர்கள் ஊர் ஊராக வந்து கேட்கும் கேள்வி இது. நம்மிலும் சிலர் "ஆமா, கல்லுதானே" என்று தலையாட்டி விடுகிறார்கள். இந்தக் கேள்விக்குத் தூரதேசத்து மலை ஒன்று பதில் சொல்லியிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஐரோப்பாவில் ஹங்கேரி என்றொரு நாடு. அங்கே பாலட்டன் என்ற பெரிய ஏரியின் வடகரையில் நிற்கிறது பாடச்சோனி மலை. உயரம் சுமார் 437 மீட்டர். முப்பது லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு அது எரிமலை. பழைய ஏரி ஒன்று விட்டுப்போன மணலையும் களிமண்ணையும் பிளந்துகொண்டு தீக்குழம்பு மேலே வந்தது. ஆறி இறுகிக் கறுத்த கல்லானது. பசால்ட் என்பார்கள். சுற்றியிருந்த மண்ணைக் காற்றும் மழையும் அரித்துக்கொண்டு போய்விட்டன. கல்லுக்கு அடியில் இருந்த மண் மட்டும் தப்பியது. கல் தொப்பி மாதிரி. தொப்பி இருந்ததால்தான் தலை நனையவில்லை. அந்த மலையே அப்படி நின்றதுதான்.

அந்தத் தொப்பி இன்னொரு வேலையும் செய்கிறது. பாறை முழுக்க வெடிப்பு. மழைத்தண்ணீர் அதன் வழியாக இறங்கி, கீழே களிமண் தடுத்ததும், ஓரத்தில் ஊற்றாகக் கசிகிறது. சரிவில் உதிர்ந்த கல்லும் மணலும் கலந்த மண்ணில் ரோமானியர் காலம் தொட்டுத் திராட்சை விளைகிறது. கறுப்புக் கல் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி கொடிக்குக் கொடுக்கிறது. புல்லு மொளைக்காத பாறைதான் கீழே இருக்கிற வெள்ளாமையைக் காப்பாற்றுகிறது!

அந்த மலையையும் விடவில்லை. 1903ல் குவாரி திறந்தார்கள். அறுபது வருஷம் வெட்டினார்கள். 1964ல்தான் நிறுத்தினார்கள். 1965ல் அது பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனது. மலை பிழைத்தது, திராட்சைத் தோட்டமும் பிழைத்தது. ஆனால் வெட்டிய காயம் ஆறவில்லை. இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்து மலைகளுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. ஹெகியெஸ்டூ மலையில் பாதியை வெட்டி எடுத்து விட்டார்கள். மிச்சப் பாதி, தூண் தூணாக உள்ளே தெரிகிற கல்லோடு, வேடிக்கை பார்க்கும் இடமாக நிற்கிறது. ஹலாப் மலைக்கு உச்சியே இல்லாமல் போனது. வெட்டிய கல் ரோட்டுக்குப் போகும், ரயில் பாதைக்குப் போகும். மலை திரும்ப வளராது.

நம்ம ஊர் மலை எரிமலை இல்லை. அதைவிடப் பழைய பாறை. ஆனால் தண்ணீர்க் கணக்கு ஒன்றுதான். மேலே பெய்த மழை பாறை வெடிப்பில் இறங்கித்தான் நம்ம கிணற்றுக்கு வருகிறது. வெடி வைத்துக் குடைந்து, கிணற்றை விட ஆழமாகப் பள்ளம் எடுத்து, ராத்திரி பகலாக மோட்டார் வைத்து இறைத்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பள்ளத்துக்குத்தான் போகும். நாம் போர் மேல் போர் போட்டுக் கடன்காரன் ஆவோம். பயிர் மேல் படியும் கல்தூசிக்கு எவனும் நஷ்டஈடு தர மாட்டான்.

"குவாரியே கூடாதா? வீடு கட்டக் கல் வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். நாமும்தான் கட்டுகிறோம். ஆனால் எந்த மலை, எவ்வளவு ஆழம், யார் கிணறு வற்றும் என்று முன்னாடியே கணக்குப் பார்க்க வேண்டும். வற்றின பிறகு வந்து பார்ப்பது கண்துடைப்பு.

ஆகவே நாம் கேட்பது:

குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக்கூடாது என்று தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959 சொல்கிறது. அளந்து காட்டு!

குவாரிக்கு அனுமதி தரும் முன் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து ஊர் முன்னால் எழுதி வை!

வெட்டி முடித்துக் கைவிட்ட பள்ளங்களுக்கு உடனே வேலி போடு!

குத்தகைப் பத்திரம், எல்லை வரைபடம், வெட்டும் ஆழம் - எல்லாவற்றையும் 2005ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு வாங்குங்கள். கிராம சபையில் எழுந்து பேசித் தீர்மானம் எழுத வையுங்கள். கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஒத்தை ஆளாகப் போகாதீர்கள். ஊராகத் திரண்டு போங்கள்.

ஹலாப் மலைக்காரர்கள் இனி கேட்டு என்ன பயன்? நம்ம மலை இன்னும் நிற்கிறது. நிற்கும்போதே கேட்போம்!

மலையைக் காப்போம்! கிணற்றைக் காப்போம்! வெள்ளாமையைக் காப்போம்!