மூச்சு முந்தும், மூட்டுப் பிந்தும்

நெடுங்காலம் விட்டுப்போன ஒன்றை மீண்டும் தொடங்குவோர், விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாமென்று எண்ணுவது வழக்கம். ஏட்டை மூடி வைத்தவனுக்கு அது பொருந்தலாம். ஓட்டத்தை மூடி வைத்தவனுக்குப் பொருந்தாது. இவ்வுண்மையை எனக்குக் கற்பித்தவை என் முழங்கால்களே.

பாடசாலை நாள்களில் நான் 1500 மீற்றர் ஓடியவன். இல்ல விளையாட்டுப் போட்டிகளிற் பெற்ற இரண்டு கிண்ணங்கள் 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது காணாமற் போயின. அதற்கு முன்பே ஓட்டமும் போய்விட்டது. வீதியில் ஓடுகின்ற இளைஞனைக் கண்டால் துப்பாக்கி நிமிர்கின்ற காலம் அது. உயிருக்காக ஓடினோமேயன்றி உடலுக்காக ஓடினோமில்லை. பின்னர் உத்தியோகம் வந்தது, நாற்காலியும் வந்தது. சென்ற ஆண்டு, என் 56ஆவது வயதில், இரத்தத்திற் சீனி ஏறத் தொடங்கியிருப்பதாக வைத்தியர் எச்சரித்த பின்னரே பழைய ஆசை மீண்டும் எழுந்தது. புதுச் சப்பாத்து ஒன்றை வாங்கி அணிந்துகொண்டு, விடியற் பொழுதிலே பண்ணைக் கடலோரத்துக்குச் சென்றேன்.

முதல் வாரம் மூச்சு வாங்கிற்று. மூன்றாம் வாரத்தில் மூச்சு வசப்பட்டது. நான்காம் வாரத்திலே, பழைய வீரம் தலைக்கேற, ஐந்து கிலோமீற்றர் நில்லாமல் ஓடினேன். மறுநாட் காலை படியிறங்க முடியவில்லை. முழங்காற் சிரட்டையைச் சுற்றி ஊசி கொண்டு குத்துவது போன்ற நோவு. அயல்வீட்டுப் பெரியவர் படலையடியில் நின்று, "இந்த வயதிலே உமக்கேன் தம்பி இந்த ஓட்டம்? தேய்ந்தது தேய்ந்ததுதான்" என்றார். நானும் அதை நம்பினேன். பன்னிரண்டு நாள்கள் சப்பாத்து விறாந்தை மூலையிற் கிடந்தது.

அந்த விறாந்தையிலேதான் என் தந்தையாரின் சாய்மனைக் கதிரையும் இருக்கிறது. அறுபது வயதில் முழங்கால் நோவென்று அதில் அமர்ந்தவர், பிறகு படலைக்கு அப்பாற் சென்றது குறைவு. அவரை முடக்கியது நோவு மாத்திரமா, நோவைப் பற்றி நாம் அவருக்குச் சொன்ன சொல்லுமா என்ற கேள்வி அந்நாள்களில் என்னை வருத்திற்று. அதனாலேயே மீண்டும் வைத்தியரிடம் சென்றேன்.

அவர் என் கால்களை மடக்கியும் நீட்டியும் பார்த்துவிட்டு, "மூட்டு கெடவில்லை, நீங்கள்தான் அவசரப்பட்டுவிட்டீர்கள்" என்றார். இருதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்கு இணங்கிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கோ பல மாதங்கள் வேண்டும்; அவற்றிற்கு இரத்தவோட்டம் குறைவு. மூட்டின் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்களே இல்லை. நடக்கும்போதும் ஓடும்போதும் அழுந்தி விரிந்து, மூட்டுக்குள் ஊறும் நீரிலிருந்தே அது உணவைப் பெறுகிறது. ஆகவே, அசையாதிருப்பது மூட்டுக்கு ஓய்வன்று, பட்டினியேயாகும். ஆயினும், ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் நிறையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. தளர்ந்த தொடைத் தசை அதனைத் தாங்காதபோது சுமை முழங்காலின் மீது விழுகிறது. என் மூச்சு ஐந்து கிலோமீற்றருக்கு ஆயத்தமாகிவிட்டது. முழங்கால் ஒன்றுக்கே ஆயத்தமாகியிருந்தது.

இதிலிருந்து நான் கண்ட முடிவு ஒன்றுண்டு. நம்மவர் நோவைத் தீர்ப்பென்று கொள்கின்றனர். அது தீர்ப்பன்று, முறைப்பாடு. முறைப்பாட்டைக் கேட்டு ஆவன செய்தல் வேண்டும். வழக்கையே மூடிவிடுதல் கூடாது. ஓட்டம் முழங்காலைத் தேய்க்கும் என்ற பேச்சுக்கும் ஆதாரம் குறைவே. 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்றின்படி, பொழுதுபோக்காக ஓடுவோரில் நூற்றுக்கு 3.5 பேருக்கே இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு இருந்தது. ஓடாதோரில் அது 10.2, உச்ச நிலைப் போட்டிக்காக ஓடுவோரில் 13.3. காரணம் இதுவேயென்று இக்கணக்கு ஒன்றே நிறுவிவிடாது. எனினும், அளவோடு ஓடுவோன் அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இது போதும். வயதை நினைத்து மலைப்போர்க்கும் ஒன்று கூறுவேன்: 2023இல் பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியிலே, எழுபதைக் கடந்த முல்லைத்தீவுப் பெண்மணி அகிலத்திருநாயகி 1500 மீற்றர் ஓட்டத்திற் தங்கப் பதக்கம் பெற்றார்.

வைத்தியர் கூறிய முறை எளியது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. கிழமைக்கு மூன்று நாள் மாத்திரம். இடைநாள்களிற் கதிரையிலிருந்து கைகளை ஊன்றாது எழுந்தமரும் பயிற்சி. ஓடுகையிற் தோன்றும் இலேசான நோவு மறுநாட் காலைக்குள் அடங்கினால் தொடரலாம்; அடங்காவிட்டால் ஒருபடி இறங்க வேண்டும். மூட்டு வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, இரவில் உறக்கத்தைக் கெடுத்தாலோ வைத்தியரைக் காணத் தாமதித்தல் ஆகாது.

முன்னொரு காலத்தில் ஓடியவனுக்கு ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பது பெரிய நாணம். சிறுவர்கள் என்னைக் கடந்து சிரித்துக்கொண்டு ஓடினார்கள். நோவைத் தாங்குவதிலும் அந்த நாணத்தைத் தாங்குவதே கடினமாயிருந்தது என்பதை ஒளிக்காமற் கூறிவிடுகிறேன். முழங்காலை வருத்தியது முதுமையன்று. பதினேழு வயது நினைவு ஐம்பத்தாறு வயதுக் காலுக்கு இட்ட கட்டளையே.

ஆறு மாதங்கள் கழிந்தன. இப்பொழுது இருபது நிமிடம் நில்லாது ஓடுகிறேன். பழைய வேகத்தில் அரைவாசியும் இல்லை. திரும்பி வந்து தந்தையாரின் கதிரையிற் சற்றே சாய்ந்திருப்பதுண்டு. தேநீர் முடிந்ததும் எழும்பிவிடுகிறேன்.