'புட் ஆஃப்' நடத்தத் தமிழ் வேண்டும்

பிளஸ் டூ மாணவர்களுக்கு ஃப்ரேசல் வெர்ப் (சிறு சொல் ஒன்றோடு சேர்ந்து வேறு பொருள் தரும் வினை) என்றால் ஒரு மதிப்பெண் கேள்வி. வினையை இடப்பக்கமும் பொருளை வலப்பக்கமும் எழுதிய பட்டியலை உருப்போட்டுவிட்டுத் தேர்வுக்குப் போகிறார்கள். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டும்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, நல்ல மதிப்பெண் வாங்கியவள், வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். நேர்காணல் 'புட் ஆஃப்' ஆகியிருப்பதாக மின்னஞ்சல் வந்ததும், ரத்தாகிவிட்டது என்று எண்ணி அடுத்த மின்னஞ்சலுக்குக் காத்திருக்காமல் இருந்துவிட்டாள். ரத்து என்றால் 'கால் ஆஃப்'. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிவைப்பு. விளக்கை அணைக்கும் 'ஆஃப்'தான் அவள் மனத்தில் நின்றது.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வேற்று மொழிக்காரர்களை மிகவும் திணறடிப்பவை இத்தகைய வினைகள்தான் என்று எழுதியிருக்கிறார். ஆனால் சொற்கள் சேரும்போது பொருள் மாறுவது தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பழகிய விஷயம். 'போட்டுக்கொடுத்தான்' என்றால் அவன் எதையும் போடவுமில்லை, கொடுக்கவுமில்லை, கோள் சொன்னான். 'ஒத்திப்போடு' என்பதில் 'புட்'டுக்கு நேரான 'போடு'வே இருக்கிறது. இதை வகுப்பில் தமிழில் சொன்னபோது, 'விட்டுக்கொடு', 'பிடித்துப்போச்சு' என்று பிள்ளைகளே அடுக்க ஆரம்பித்தார்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது என்பவர்கள் இந்த வழியைத்தான் அடைக்கிறார்கள்.

பொருள் பிடிபட்ட பிறகு வழக்கைக் காட்ட வேண்டும். 'புட் ஆஃப் த மீட்டிங்', 'புட் த மீட்டிங் ஆஃப்' இரண்டும் சரி. 'இட்' வந்தால் 'புட் இட் ஆஃப்' மட்டுமே. போவதை ஒத்திப்போட்டால் 'புட் ஆஃப் கோயிங்'. அங்கே 'டு கோ' வராது. ஆளைச் சேர்த்துச் சொல்லும்போது பெரும்பாலும் பொருளே மாறிவிடும். 'த ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்றால், அந்த நாற்றத்தில் எனக்குச் சாப்பிடப் பிடிக்காமல் போய்விட்டது.

வாரத்துக்கு இரண்டு வினை போதும். அவற்றை வைத்துத் தங்கள் வீட்டிலும் ஊரிலும் நடந்ததைப் பிள்ளைகள் எழுதட்டும். பொதுத் தேர்விலும் நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைக் குறிக்கச் சொல்வதற்குப் பதிலாக, ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்.