அசனப் பந்திக்கு நேரலை கிடையாது

ஞாயிறு காலை. அடுப்பங்கரையில் சீனி டப்பாமேல் சாய்த்து வைத்த செல்போனில் ஆராதனை ஓடுகிறது. பாவ அறிக்கையின்போது குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது. பிரசங்கம் பாதியில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் யாரோ மீன் விலை கேட்கிறார்கள்; விரல் அங்கே போய்விடுகிறது. ஆலய மணி காதில் விழும் தூரத்தில்தான் இந்த வீடு இருக்கிறது. நம் ஆட்சேபம் இந்த வீட்டைப் பற்றித்தான்.

நேரலை வந்த கதை எல்லாரும் அறிந்ததே. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 12இல் வந்த ஈஸ்டருக்கு ஆலயங்கள் பூட்டிக் கிடந்தன. 2021இல் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் வழிபாட்டுத் தலங்களை மூடும் உத்தரவு வந்து, அக்டோபர் நடுவில்தான் நீங்கியது. அப்போது யூடியூப் கைகொடுத்தது, மறுக்கவில்லை. படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கும், தேவாலயமே இல்லாத சவூதியில் வேலை பார்க்கும் பிள்ளைக்கும் இன்றும் அது வேண்டும். இதற்கு முன்னும் சேஷெல்ஸ் தீவிலிருந்து வந்த ஃபீபா வானொலியை நம் பெரியவர்கள் ஒரு மாலை தவறாமல் கேட்டார்கள். கேட்டுவிட்டு ஞாயிறன்று ஆலயத்துக்கும் போனார்கள். வானொலிப் பெட்டியைச் சபை என்று அவர்கள் சொன்னதில்லை.

சபை என்றால் ஆட்கள். "என்னக்கா, போன வாரம் காணோமே?" என்று வாசலில் ஒருத்தி கேட்கிறாளே, அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் வீடு தேடி வருவதும், ஜெபிப்பதும், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கைகொடுப்பதும் இருக்கின்றன. காணிக்கையை ஜி-பேயில் போட்டுவிடலாம். கைப்பிடி அரிசியை எதில் போடுவது? திருநெல்வேலிச் சீமையில் அசனப் பண்டிகை என்றால் சாதி, பணம் பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு உண்பது. (பார்க்காமல் என்பது எல்லா ஊரிலும் உண்மையா என்பது வேறு தலையங்கம்.) அந்த இலையில் உட்கார உடம்போடு வந்தாக வேண்டும். யோவானின் இரண்டாம் நிருபம் மொத்தமே 13 வசனம். எழுத இன்னும் நிறைய இருந்தும், மையும் காகிதமும் வேண்டாம், முகமுகமாய்ப் பேசலாம் என்று முடித்துக்கொள்கிறார் அவர். எந்த ஒளிபரப்பும் நேரில் பங்கேற்பதற்கு ஈடாகாது என்று ரோம் 2020 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது.

மாஞ்சோலை மலைக்குக் கீழே இருக்கும் மணிமுத்தாற்றில் இது வெறும் இறையியல் தர்க்கமாக நிற்கவில்லை. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மாஞ்சோலை எஸ்டேட், குத்தகை முடியும் 2028க்கு முன்பே, 2024இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களை இறக்கிவிட்டது. ஒரே லைன் வீட்டு வரிசையில் நாலு தலைமுறை வாழ்ந்தவர்கள் அணையடிவாரத்திலும், கல்லிடைக்குறிச்சியிலும், அம்பாசமுத்திரத்திலும் வாடகை வீடு தேடிச் சிதறினார்கள். மலைமேல் இருந்த கிறிஸ்தவக் குடும்பங்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து நேரலை இணைப்பு அனுப்புவது சுலபம். அனுப்பிவிட்டால் கடமை முடிந்ததா? பக்கத்து வீட்டாருக்கே பெயர் தெரியாத புது ஊரில், அந்தக் குடும்பத்தை நாலு பேர் அறிந்துகொள்ளும் முதல் இடம் ஆலயத்துப் பெஞ்சுதான். உள்ளூர்க்காரர்கள் செல்போனோடு வீட்டில் இருந்துகொண்டால், புதிதாக வந்தவர் யார் பக்கத்தில் உட்காருவார்? நடக்க முடிந்தவர் வராமல் இருப்பதன் நஷ்டம் அவரோடு நிற்பதில்லை.

குருமார்கள் மீதும் குறை உண்டு. கேமராவைப் பார்த்துப் பிரசங்கித்துப் பழகியவருக்கு முன்வரிசைக் கிழவி கண்ணில் படுவதில்லை. பார்வையாளர் எண்ணிக்கையைச் சபையார் எண்ணிக்கையாகக் கணக்கு வைப்பதையும் விட்டுவிட வேண்டும்.

நேரலையை நிறுத்தச் சொல்லவில்லை. யாருக்கு அது தேவை என்று ஒவ்வொரு சேகரமும் வீடு வீடாகப் பட்டியல் எடுக்கட்டும். அந்தப் பட்டியலில் உள்ள நோயாளிகளின் வீட்டுக்கு மாதம் ஒருமுறையாவது ஐயரவர்கள் திருவிருந்தோடு போகட்டும். மலையிலிருந்து வந்த குடும்பங்களை ஞாயிறன்று அழைத்துவர ஒரு வேன் ஏற்பாடு செய்யட்டும். பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் செல்போனை வீட்டில் வைத்துவிட்டு வந்து சேருங்கள்.