நின்ற வண்டியும் நாற்பது பக்க நோட்டும்

இலக்கியம் பேசுகிற இடத்தில் டீசல் டேங்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். திருக்குறளின் மருந்து அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவர்கள் நாங்கள். நோய் வேறு, நோயின் முதல் வேறு என்று மாணவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தெரிந்த எங்களுக்கு அதன் பொருள் விளங்கியது, பொம்மையார்பாளையத்தில் அடிக்கடி நின்றுபோகும் ஒரு பழைய பிக்கப் வண்டியின் அடியில்தான்.

வண்டி மைத்துனருடையது. இரண்டு வீட்டு நகைகளும் அடகுக் கடைக்குப் போன பிறகு, இரண்டாம் கையாக வாங்கப்பட்டது. விடியலில் கரையேறும் மீனை ஐஸ் பெட்டிகளில் அடுக்கிப் புதுச்சேரிச் சந்தைக்குக் கொண்டுபோவது அவர் தொழில். கோடையில், மீன்பாடு இல்லாத நாள்களில், மரக்காணத்து உப்பளங்களிலிருந்து மூட்டை ஏற்றுவார்.

கோளாறு எப்போதும் ஒன்றே. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று இழுவை குறைந்து, திக்கித் திணறி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நின்றுவிடும். அரை மணி கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும். அந்த அரை மணியில் ஐஸ் உருகும். சந்தையில் ஏலம் முடிந்திருக்கும். மீன் கேட்ட விலைக்குப் போகும்.

பெட்ரோல் எஞ்சினைப் போல் டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ருடால்ஃப் டீசல் 1893இல் காப்புரிமை பெற்ற முறை அது: காற்றை அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்ச வேண்டும். ஆகவே ஓடும் வண்டி திணறி நின்றால் மெக்கானிக்கின் கை முதலில் டீசல் வரும் வழிக்கே போகும். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. முதலாமவர் ஃபில்டரை மாற்றினார். இரண்டாமவர் "ஏர் பிடிக்கிறது" என்று ஹோசையும் வாஷர்களையும் மாற்றினார். மூன்றாமவர் பம்பைக் கழற்றிச் சர்வீசுக்கு அனுப்பினார். நான்காமவர் நாசில்களை மாற்றினார். ஒவ்வொரு முறையும் வண்டி இரண்டு மூன்று வாரம் ஒழுங்காக ஓடும். பிறகு பழையபடி நிற்கும். எல்லாமாக முப்பத்தெட்டாயிரம் ரூபாய் போயிற்று.

உறவினர்கள் ராசியில்லாத வண்டி என்றார்கள். முன்பக்கம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. படித்த நாங்கள் சொன்னது அதைவிடக் கொடியது. "உனக்கு வண்டி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை" என்றோம். அவர் பதில் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள், வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் தேதி, இடம், ஏற்றியிருந்த சரக்கு, டேங்கில் இருந்த டீசல் ஆகியவற்றைக் குறித்து வைக்கச் சொன்னோம். "நின்ன எடத்துல மீனப் பாப்பனா, எழுதிக்கினு இருப்பனா மாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எட்டாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டாள். அவர் தொலைபேசியில் சொல்வார். அவள் நாற்பது பக்க நோட்டில் எழுதிவைப்பாள். நான்கு மாதத்தில் பதினொரு குறிப்புகள் சேர்ந்தன. இடம் மாறியிருந்தது, சரக்கு மாறியிருந்தது, வெயிலும் மழையும் மாறியிருந்தன. மாறாதது ஒன்றுதான். பதினொரு முறையும் டீசல் முள் கால் டேங்குக்குக் கீழே இருந்தது.

டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தபோது தண்ணீரும் செதில் செதிலாய்ச் செந்துருவும் கொட்டின. கடற்கரையில் இரவு முழுவதும் நிற்கும் வண்டியின் டேங்க் காலியாக இருந்தால், அந்த வெற்றிடத்தில் ஈரக்காற்று நிறைகிறது. இரவுக் குளிரில் அதன் ஈரம் தகரச் சுவரில் துளிக்கிறது. டீசலைவிடக் கனமான நீர் அடியில் தங்கித் தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கிறது. டீசல் குறையக் குறைய அடிவண்டல் கலங்கி, செதில்கள் உறிஞ்சுகுழாயின் வாயை அடைக்கின்றன; எஞ்சின் பட்டினியால் நிற்கிறது. எஞ்சின் நின்றதும் உறிஞ்சலும் நிற்கிறது, செதில்கள் விலகி விழுகின்றன, வண்டி கிளம்புகிறது. அடைக்காமல் நழுவிய துருத்தூள்தான் ஃபில்டரையும் பம்பையும் நாசில்களையும் கெடுத்துக்கொண்டிருந்தது. நான்கு மெக்கானிக்குகளும் பொய் சொல்லவில்லை. அவரவர் கண்டது உண்மையிலேயே கெட்டுத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொருவரும் கதையின் ஓர் இயலை மட்டுமே படித்தார்கள். முழுக்கதை யாரிடமும் இல்லை.

டேங்க் ஏன் எப்போதும் காலியாக இருந்தது? புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் அங்கே டீசல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு. மைத்துனர் எல்லை தாண்டும்வரை டீசல் போட மாட்டார். தாண்டிய பிறகும், மீன் விற்ற காசு கைக்கு வந்தால்தான் ஐந்நூறு ரூபாய்க்குப் போடுவார். டேங்க் நிறையாததற்குக் காரணம் சட்டைப்பை நிறையாததுதான். நாங்கள் அறியாமை என்று எண்ணியது வறுமையின் சிக்கனம்.

இதே பிழையைப் பெரிய அளவில் இந்தக் கடற்கரையிலேயே காணலாம். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவந்த மணல் அங்கே தடைப்பட்டது. வடக்கே கரை அரிக்கப்பட்டது. அரிப்பு தெரிந்த ஊரில் கல் கொட்டினார்கள். அந்த ஊர் தப்பியது. அதற்கு வடக்கே இருந்த ஊர் கரைந்தது. அரிப்பு பொம்மையார்பாளையத்துக்கும் வந்து வீடுகளை விழுங்கியது. ஃபில்டரை மாற்றினால் பம்பில் தெரிகிற கோளாறுக்கும், ஓர் ஊரில் கல் கொட்டினால் அடுத்த ஊரில் தெரிகிற அரிப்புக்கும் இலக்கணம் ஒன்றே.

எங்கள் கருத்து இதுதான்: திரும்பத் திரும்ப வரும் கோளாறுக்கு முதல் கருவி ஸ்பேனர் அன்று, நோட்டு. ஒரு முறை வந்த கோளாறைக் கண்ணால் பார்க்கலாம். பதினொரு முறை வந்ததை எழுத்தில்தான் பார்க்க முடியும். பழைய வண்டியை விற்பவர் ஆர்.சி. புத்தகத்தோடு அப்படி ஒரு நோட்டையும் கொடுப்பது வழக்கமாக வேண்டும். ஆர்.சி.யில் எஞ்சின் எண் இருக்கிறது. அந்த எஞ்சின் பட்ட பாடு இல்லை. மற்றொன்று, ஏழையின் பொருள் கெட்டுப்போகும்போது அவன் பேணத் தெரியாதவன் என்று சொல்லுமுன், அவனால் எதைச் சேர்ந்தாற்போல் வாங்க முடியவில்லை என்று கேட்க வேண்டும். முப்பத்தெட்டாயிரம் தவணை தவணையாகப் போனது. டேங்கைக் கழுவித் துரு நீக்க ஆன செலவு நாலாயிரத்து ஐந்நூறு.

இப்போது ஒரு டேங்க் டீசலுக்கான பணத்தை இரண்டு வீடும் சேர்ந்து தனியே வைத்திருக்கிறோம். இரவு வண்டியை நிறுத்துமுன் நிரப்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஏழு மாதமாக வண்டி நிற்கவில்லை. அன்று சொன்ன சொல்லுக்காக மைத்துனரிடம் வருத்தம் தெரிவித்தோம். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "தேதி போட்டு இதையும் நோட்டுல எழுதச் சொல்லட்டுமா மாமா?"

எழுதச் சொன்னோம்.