மின்சார ஒட்டகமும் 20 கிலோ தண்டும்

புத்தாண்டு பிறந்தாலும் சரி, கையில் போனஸ் வந்தாலும் சரி, பல வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். "வீட்டிலேயே ஒரு எக்சர்சைஸ் மெஷின் வாங்கிப் போட்டால் என்ன?" இடுப்பில் கட்டினாலே தொப்பை கரையுமாம் ஒரு பெல்ட். ஏறி நின்றால் உடம்பைக் குலுக்கும் ஒரு பலகை. திரையில் பயிற்சியாளர் தோன்றிப் பேசும் ஒரு கருவி. சில ஆயிரம் ரூபாயில் ஆரம்பித்து லட்சங்கள்வரை விலை போகிறது. பணத்தை எடுத்து வைக்கும் முன், இந்த மெஷின்களின் பழைய கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

1865-ல் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் குஸ்தாவ் சாண்டர் என்ற மருத்துவர் ஓர் உடற்பயிற்சி நிலையம் தொடங்கினார். கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என விதவிதமான மெஷின்கள். சிலவற்றைப் பயிற்சி செய்பவரே இழுத்துத் தள்ள வேண்டும். வேறு சிலவற்றை நீராவி இயக்கும்; மனிதர் உட்கார்ந்திருந்தால் போதும். பணக்காரர்களிடம் இந்த இரண்டாவது வகைக்கு நல்ல மவுசு. 1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் ஜிம்மில்கூட ஒரு மின்சாரக் குதிரையும் ஒரு மின்சார ஒட்டகமும் இருந்தன. பயணி மேலே உட்கார்ந்திருப்பார். உழைப்பதெல்லாம் ஒட்டகம்தான்!

அந்த ஒட்டகம் கடலுக்குள் போனாலும் அதன் வாரிசுகள் வந்துகொண்டே இருக்கின்றன. 1950, 60-களில் இடுப்பைச் சுற்றிப் பட்டை போட்டு, மோட்டாரால் குலுக்கிக் கொழுப்பைக் கரைப்பதாகச் சொன்ன மெஷின்கள் வந்தன. பிறகு, வயிற்றில் கட்டிக்கொண்டால் மின்துடிப்பு கொடுக்கும் பெல்ட்கள் டி.வி. விளம்பரங்களை நிறைத்தன. உடற்பயிற்சியே செய்யாமல் இடை மெலியும் என்றார்கள். 2002-ல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், இப்படிப்பட்ட மூன்று பெல்ட்களை விற்றவர்கள் மீது பொய் விளம்பரம் என்று வழக்கே போட்டது.

இப்போதைய வாரிசு, திரையும் மாதச் சந்தாவும் கொண்டது. சுவரில் மாட்டும் கண்ணாடிக்குள் பயிற்சியாளர் தோன்றும் 'மிரர்' என்ற கருவியை உருவாக்கிய நிறுவனத்தை, 2020-ல் 'லுலுலெமன்' 50 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2023-ல் அந்தக் கண்ணாடி விற்பனையையே நிறுத்திவிட்டது. மூன்றே வருடம்!

இத்தனைக்கும் நடுவில் பெரிய மாற்றமில்லாமல் இருப்பது பார்பெல். நீளமான ஓர் இரும்புத் தண்டு, இரண்டு பக்கமும் எடைத் தட்டுகள், அவ்வளவுதான். போட்டிகளில் ஆண்களுக்கான தண்டு 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. பிளக் வேண்டாம், வைஃபை வேண்டாம், அப்டேட் கேட்காது. ஈரம் படாமல் வைத்திருந்தால் பேரன் பேத்தி காலம்வரை உழைக்கும்.

இதன் பலம் இரண்டு விஷயங்களில் இருக்கிறது. முதலாவது, ஏமாற்ற முடியாத கணக்கு. இந்த வாரம் 20 கிலோ என்றால், பக்கத்துக்கு 1.25 கிலோ தட்டு ஒன்று சேர்த்தால் 22.5 கிலோ. தூக்க முடிந்ததா, இல்லையா? பதில் உடனே தெரிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக எடை கூடும்போதுதான் தசையும் எலும்பும் அதற்கேற்பத் தங்களை உறுதியாக்கிக்கொள்கின்றன.

இரண்டாவது, பார்பெல்லைப் பிடித்து நிறுத்த வேறு யாரும் இல்லை. தண்டவாளம்போல இரண்டு கம்பிகளுக்கு இடையே ஏறி இறங்கும் மெஷினில், எடை எந்தப் பக்கமும் சாயாது. பார்பெல்லோ சாயப் பார்க்கும். பாதம், இடுப்பு, முதுகு, தோள் எல்லாம் சேர்ந்து அதைச் சமாளிக்க வேண்டும். வீட்டு வேலையும் அப்படித்தான். சமையல் எரிவாயு சிலிண்டரில் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ, சிலிண்டரோடு சேர்த்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. அதைத் தரையிலிருந்து தூக்குவது, ஜிம்மில் 'டெட்லிஃப்ட்' என்று சொல்லும் பயிற்சியேதான். அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றும்போது எந்தக் கம்பியும் வந்து தாங்கிப் பிடிப்பதில்லை.

"இதெல்லாம் வாலிபப் பசங்களுக்கு. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்ந்துபோகும் வயதில் பளு தூக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் இதையே ஆராய்ந்து பார்த்தார்கள். எலும்பு அடர்த்தி குறைந்த, 58 வயதைத் தாண்டிய 101 பெண்கள் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் வாரம் 2 நாள், தலா 30 நிமிடம், நிபுணர்களின் நேரடிக் கண்காணிப்பில் பார்பெல் தூக்கினார்கள். துள்ளிக் குதித்துத் தரையில் இறங்கும் பயிற்சியும் செய்தார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தார்கள். 8 மாதம் கழித்து, பளு தூக்கியவர்களுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியிருந்தது. லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. 2018-ல் வெளியான முடிவு இது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், ஒரு பாட்டியின் நடமாட்டமே நின்றுபோகலாம். அந்த வீட்டுக்கு இந்தச் சில சதவீதங்களின் மதிப்பு புரியும்.

பளு தூக்கினால் பெண்களுக்கு ஆண்களைப் போல உடம்பு முறுக்கேறிவிடும் என்ற பயமும் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் போட்டியிட்டவர். அவர் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தியது 115 கிலோ, தன் எடையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! அத்தனை வருடம் தூக்கியும் அவர் உடல் எடை அந்த 49 கிலோவுக்குள்தான் இருந்தது.

இதனால் மெஷின் எல்லாமே வீண் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1990-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 90 வயதை ஒட்டிய முதியவர்கள் எடையும் கப்பியும் கொண்ட எளிய கருவியில் 8 வாரம் பயிற்சி செய்தார்கள். அவர்களது கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. எடையை அங்கே தூக்கியது முதியவர்களின் கால், மோட்டார் இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தேறி வருபவர்களுக்கும், நிற்கும்போது தடுமாறுபவர்களுக்கும் அப்படிப்பட்ட கருவி பாதுகாப்பானதும்கூட.

பார்பெல்லிலும் கவனம் வேண்டும். அந்த ஆஸ்திரேலியப் பெண்கள்கூட முதல் மாதம் உடல் எடையையும் குறைந்த பளுவையும் வைத்து, குனிவதையும் நிமிர்வதையும்தான் கற்றுக்கொண்டார்கள். ரத்த அழுத்தம், முதுகெலும்புப் பிரச்னை, மூட்டுவலி உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். யூடியூப் பார்த்து வீட்டில் தனியாகப் பளுவைத் தூக்கிப் பார்ப்பது வேண்டாம். பக்கத்தில் நின்று தவறைத் திருத்தும் பயிற்சியாளர் உள்ள ஜிம்மில் சில மாதம் கற்றுக்கொள்வதற்கு ஆகும் செலவு, ஒரு மெஷினின் விலையில் சிறு பகுதிதான். அதுவரை வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தோப்புக்கரணம் போடுவது என்று கால்களைப் பழக்கலாம்.

கடைக்காரர் அடுத்த முறை புது மெஷினைக் காட்டும்போது இரண்டே கேள்வி போதும். இதில் வேலை செய்வது மெஷினா, உடம்பா? போன மாதத்தைவிட இந்த மாதம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை எண்ணில் சொல்ல முடியுமா? இரண்டுக்கும் சரியான பதில் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால், அது ஓர் ஒட்டகம். பர்ஸை மூடிக்கொள்ளலாம்.