பள்ளி என்ற ஒரே சொல்

பண்டிகைக்கு முன்னால் ஆலயத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம். பின்னறையில் ஒரு தேக்கு அலமாரி. அதை நகர்த்தினால்தான் சுவரில் மட்டை படும். பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் கமிட்டிக்காரர் பழைய செயலரைக் காட்டினார். அவர் காலமாகிவிட்ட உபதேசியாரின் பெயரைச் சொன்னார். கடைசியில் பூட்டை உடைத்தோம். உள்ளே கறையான் புற்று. வேதாகம அகராதி, கீர்த்தனைப் புத்தகங்கள், பழைய பத்திரிகைகள் எல்லாம் கை பட்டதும் மண்ணாய் உதிர்ந்தன. இரண்டு கூடை அள்ளித் தென்னை மூட்டில் கொட்டினோம். யாரும் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இப்போது சொல்லியாக வேண்டும்.

களியக்காவிளைக்குத் தெற்கே பள்ளி என்றால் பிள்ளைகள் படிக்கிற இடம். இரண்டு எட்டு வடக்கே வைத்தால் அதே சொல்லுக்கு ஆலயம் என்று பொருள். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரண்டு மொழியும் பேசி வளர்ந்த நமக்கு, இரண்டு பொருளும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே தொடங்கி, லண்டன் மிஷன்காரர்கள் ஜெபிக்க ஓலைக்கூரை போட்ட இடத்திலேயே எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். விசுவாசிக்கிறவன் வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்பது அவர்களுடைய பிடிவாதம். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையாரின் பள்ளியில் பெண்பிள்ளைகள் படித்தார்கள், லேஸ் பின்னினார்கள். அந்த லேஸ் விற்ற காசில் அடிமைத்தளையிலிருந்து தங்களையே மீட்டுக்கொண்டவர்களும் உண்டு. பெண்கள் மேலாடை அணியும் உரிமையை எதிர்த்து மூண்ட தோள்சீலைக் கலவரங்களில் ஆலயங்களோடு பள்ளிக்கூடங்களும் எரிந்தன. எரித்தவனுக்குத் தெரிந்திருக்கிறது, இரண்டும் ஒன்றுதான் என்று. நாம்தான் பிறகு பிரித்துவைத்தோம்.

எப்படிப் பிரித்தோம்? படிப்பை முழுக்க முழுக்கப் பிழைப்புக்கு ஒப்புக்கொடுத்தோம். பிழைப்பைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. ரப்பர் வெட்டியும் கிழங்கு நட்டும் வாழ்ந்த குடும்பங்களைக் கரையேற்றியது நர்ஸிங் படித்து வளைகுடாவுக்குப் போன பெண்மக்களின் சம்பளம். ஆனால் அதோடு நின்றுவிட்டோம். மதிப்பெண் கேட்டோம், ரேங்க் கேட்டோம், "இந்த வாரம் என்ன வாசித்தாய்?" என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்கவில்லை. பரீட்சை முடிந்த மறுநாளே புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டோம். அதைப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஞாயிறு பள்ளியிலும் இதே கதைதான். வசனம் ஒப்பித்தவனுக்கு எவர்சில்வர் தட்டு கொடுத்தோம். ஒரு பையன் எழுந்து, "சார், காயீன் யாரைக் கல்யாணம் பண்ணினான்?" என்று கேட்டான். "அதிகம் கேள்வி கேட்டா விசுவாசம் போயிரும் மக்களே, இரி" என்று உட்காரவைத்தோம். அவன் உட்கார்ந்தான், பிறகு எதற்குமே எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு வயது இயேசுவைத் தாயும் தகப்பனும் மூன்று நாள் தேடி எங்கே கண்டார்கள்? தேவாலயத்தில், போதகர்களின் நடுவே, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் அவர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டும். சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுல், விட்டுவந்த மேலங்கியோடு புத்தகங்களையும் கொண்டுவரச் சொல்கிறார். இவற்றைப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டுத் தலையாட்டினோம். முழுச் சிந்தையோடும் தேவனை நேசிக்கச் சொன்ன கட்டளையில் சிந்தையை மட்டும் விட்டுவிட்டோம்.

இன்னொரு குற்றம் இதைவிடப் பெரியது. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஊருட்டம்பலம் அரசுப் பள்ளியில் எரிந்த பெஞ்சு ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1910களில் புலையர் தலைவர் அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையச் சிறுமியைக் கைபிடித்து அழைத்துப்போய் அந்தப் பள்ளியில் உட்காரவைத்தார். அவள் உட்கார்ந்தாள் என்பதற்காக மேல்சாதிக்காரர்கள் பள்ளியையே கொளுத்தினார்கள். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அய்யன்காளிக்கு எழுதப்படிக்கத் தெரியாது. 1937இல் வெங்ஙானூருக்கு வந்த காந்தியிடம் அவர் சொன்ன ஆசை, தம் ஜனத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது.

பஞ்சமி வாசலில் நின்ற காலத்தில், நம்மில் பலருடைய குடும்பங்களுக்கு எழுத்து கிடைத்து இரண்டு மூன்று தலைமுறை ஆகியிருந்தது. நமக்கு மறுக்கப்பட்டதை வாங்கிக்கொண்ட நாம், அடுத்தவருக்குக் கதவைத் திறந்து பிடித்தோமா? ஒரே கர்த்தரைக் கும்பிட்டுக்கொண்டே சாதிக்கொரு ஆலயம் என்று ஒதுங்கியிருந்தோம். நமக்குக் கிடைத்த படிப்பைக் கிருபை என்று சொல்லிக்கொண்டோம். நடந்துகொண்டதோ அது நம் குலச்சொத்து என்பதுபோல. படிப்பின் மேல் நமக்கு உண்மையான பிரியம் இருந்திருந்தால், அதைப் பங்கு வைக்காமல் இருந்திருக்க முடியாது.

மொழியையும் சேர்த்தே தொலைத்தோம். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை பிரிந்தபோது விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை கேரளமாகிய இந்தப் பக்கமும் ஆயின. எல்லைக்கல் நட்டது அரசாங்கம். தாத்தாவின் தமிழ் வேதாகமத்தைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டது நாம். நெய்யாற்றின்கரைக்கு அருகே திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். கேரளம் இன்றும் பாடுகிற மலையாளக் கீர்த்தனைகளை எழுதியவர். ஒரு மொழி இன்னொன்றுக்கு இடைஞ்சல் என்று அவருக்குத் தோன்றவில்லை. நம் பிள்ளைகளோ தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். மலையாளத்தைத்தான் ஆசையாக வாசிக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை.

கண்ணெதிரே பாடம் இல்லாமலும் இல்லை. 1945இல் பி.என். பணிக்கர் முன்னின்று தொடங்கிய நூலக இயக்கத்தால் கேரளத்தின் கிராமங்களில் கிரந்தசாலைகள் எழுந்தன. சாயங்காலம் அங்கே பெயிண்டரும் ஓட்டுநரும் பத்திரிகை விரித்து வழக்காடுவதைப் பார்த்துக்கொண்டே, புதிய ஒலிபெருக்கிக்கு நன்கொடை திரட்டப் போனோம். சபை வரவுசெலவில் பந்தலுக்கு ஒரு வரி, அசனத்துக்கு ஒரு வரி. புத்தகத்துக்கு வரியே கிடையாது.

அறிக்கையிட்டால் மட்டும் போதாது, விட்டுவிடவும் வேண்டும் என்றுதான் நமக்குப் போதித்திருக்கிறார்கள். ஆகவே கமிட்டியில் மூன்று காரியங்களைக் கேட்டிருக்கிறோம். முதலாவது, பந்தல் செலவில் பத்தில் ஒன்று புத்தகத்துக்கு, தமிழும் மலையாளமும் சரிபாதி. இரண்டாவது, ஞாயிறு பள்ளியின் கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகளின் கேள்விக்கு. விடை தெரியாவிட்டால் "தெரியாது, தேடிப் பார்ப்போம்" என்று ஆசிரியர் சொல்ல வேண்டும். மூன்றாவது, ஆலயப் படியேறாத வீட்டுப் பிள்ளையும், எந்தச் சாதியானாலும், வந்து புத்தகம் எடுக்கலாம்.

முதல் இரண்டும் நிறைவேறின. மூன்றாவதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அலமாரிக்கு இன்னும் பூட்டு வாங்கவில்லை.